கடைசி உறைபனிக்கு முன்பே காய்கறி விதைக்க: மூணாறு, வட்டவடை, காந்தல்லூர் மலைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

போடி, தேனி, உடுமலைப் பக்கத்திலிருந்து மூணாறு வட்டாரத்துக்குக் குடிவந்து வீட்டையொட்டிய இரண்டு சென்ட் நிலத்தில் கேரட்டும் பட்டாணியும் போட நினைப்பவர்களும், தேயிலைத் தோட்டத்தில் ஓய்வு பெற்று லயத்தை (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டை) விட்டுச் சொந்த இடத்துக்கு மாறியவர்களும் முதல் ஆண்டில் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: பனி முழுவதும் முடியும்வரை காத்திருக்க வேண்டுமா, அதற்கு முன்பே விதைத்துவிடலாமா? இதற்கு விடை தேடி நான் அலைந்தபோது விதைப் பொட்டலத்தில் ஒரு மாதமும், கடைக்காரர் வாயில் இன்னொரு மாதமும், சரிவின் மேற்பகுதியில் பயிர் செய்பவரிடம் மூன்றாவது ஒரு மாதமும் கிடைத்தன. மூன்றும் அவரவர் இடத்துக்குச் சரியானவை என்பது பின்னால்தான் விளங்கியது. அந்தக் குழப்பம் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காக, செய்ய வேண்டியவற்றை வரிசையாக எழுதுகிறேன்.

முன்கூட்டி விதைப்பதன் பயன் என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கேரட்டுக்கு விதைத்த நாளிலிருந்து 100 முதல் 120 நாள் வேண்டும். ஜனவரிக் கடைசியில் விதைத்தால் மே மாதத்துக்குள் கிழங்கைப் பிடுங்கிவிடலாம். ஜூனில் தென்மேற்குப் பருவமழை இறங்கும்போது நிலம் காலியாக இருக்கும். பனி முற்றிலும் போகட்டும் என்று மார்ச் நடுவரை தள்ளிப்போட்டால், கேரட் முதிரும் நேரத்தில் மழை பிடித்துக்கொண்டு கிழங்கு மண்ணுக்குள்ளேயே அழுகத் தொடங்கும். நீலகிரி விவசாயிகள் ஜனவரி, பிப்ரவரியில் பாசன நீரை நம்பி விதைக்கும் நீர்போகமும் ஏறக்குறைய இதே கணக்கில் நடப்பதுதான்.

மண்ணுக்குள் கிடக்கும் விதையை இங்கு விழும் உறைபனி கொல்வதில்லை, மண்ணுக்கு மேல் வந்த இளம் முளையைத்தான் அது கருக்குகிறது என்பதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே உள்ளவை எல்லாம் எளிதாகப் புரியும். எனவே விதைக்கும் தேதியைவிட, முளை வெளியே வரும் தேதிதான் உங்கள் கணக்குக்கு முக்கியம்.

1. உங்கள் நிலத்தில் பனி எங்கே விழுகிறது என்று பாருங்கள்

மூணாறில் பனி, வட்டவடையில் பனி என்று பொதுவாகப் பேசுவதில் பயனில்லை. மறையூர் ஏறக்குறைய 1,000 மீட்டர் உயரத்தில் கரும்பு விளையும் ஊர். அங்கே உறைபனிக் கவலையே இல்லை. மூணாறும் காந்தல்லூரும் 1,500 மீட்டரை ஒட்டியவை. செண்டுவாரை, லட்சுமி, செவன்மலை போன்ற தோட்டங்களில் தேயிலை கருகும் அளவுக்கு உறைபனி விழுவது உண்டு. 2019 ஜனவரியில் இந்த வட்டாரத்தில் வெப்பநிலை பூஜ்ஜியத்துக்குக் கீழே இறங்கியது. ஆனால் ஒரே சரிவில் மேல் வீட்டுப் பாத்தியில் பனி இல்லாமலும் நூறு அடி கீழேயுள்ள பாத்தி வெள்ளையாகவும் இருப்பதை இங்கே எந்தத் தை மாதத்திலும் காணலாம்.

காரணம் இதுதான். மேகமும் காற்றும் இல்லாத இரவில் நிலம் தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிடுகிறது. தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து, கனத்து, வாய்க்கால் தண்ணீரைப் போலத் தாழ்வை நோக்கி இறங்கிப் பள்ளத்தில் தேங்குகிறது. ஓடையோரம், சரிவில் வெட்டிய படித்தட்டுகளின் அடிப்பகுதி, வேலியோ சுவரோ மறிக்கும் கீழ்ப்பக்கம் ஆகிய இடங்கள்தான் முதலில் உறையும். நிலத்தின் கீழ் எல்லையில் அடர்ந்த வேலி இருந்தால், குளிர்காற்று வெளியேற அதில் ஓரிடத்தில் இரண்டு மூன்று அடி அகலத்துக்குத் திறப்பு விடுங்கள்.

பார்க்கும் முறை எளிது. குறைந்த அளவையும் கூடிய அளவையும் பதிந்துவைக்கும் வெப்பமானி ஒன்றை வாங்கி, மார்கழி முதல் தேதியிலிருந்து பாத்தி போடப்போகும் இடத்தில் தரையிலிருந்து நான்கு விரல் உயரத்தில் ஒரு குச்சியில் கட்டிவையுங்கள். வீட்டுச் சுவரில் ஆணியடித்து மாட்டினால் அது சுவரின் வெப்பத்தைத்தான் காட்டும். ஆள் உயரத்தில் 3 அல்லது 4 டிகிரி இருக்கும்போதே தரையில் உறைபனி விழக்கூடும் என்பதால், செய்தியில் வரும் மூணாறின் வெப்பநிலையை உங்கள் பாத்தியின் வெப்பநிலை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தினமும் காலையில் அளவைக் குறித்துக்கொண்டு, வெள்ளை படிந்த நாட்களை நாட்காட்டியில் வட்டமிடுங்கள். காலையில் இலையில் நிற்பது வெறும் நீர்ப்பனியா, விரலால் தடவினால் பொடியாக உதிரும் உறைபனியா என்பதையும் சேர்த்துக் குறியுங்கள்.

முதல் ஆண்டில் உங்கள் கையில் பழைய பதிவு இருக்காது. அக்கம்பக்கத்தில் இருபது முப்பது ஆண்டுகளாகக் காய்கறி போடும் இரண்டு மூன்று பேரிடம், "தேயிலை கடைசியாக எந்த மாதத்தில் கருகியது?" என்று கேளுங்கள். "பனி எப்போது முடியும்?" என்று கேட்டால் மூடுபனியையும் சேர்த்துச் சொல்லிவிடுவார்கள். இங்கு உறைபனி பெரும்பாலும் டிசம்பர், ஜனவரியில் விழுந்து, சில ஆண்டுகளில் பிப்ரவரிக்கும் நீளும். தைப்பனி தரையைப் பிளக்கும், மாசிப்பனி மச்சைப் பிளக்கும் என்ற பழமொழி சமவெளியில் பிறந்தாலும், மாசியை நம்பிவிடாதே என்ற அதன் எச்சரிக்கை மலைக்கு இன்னும் கூடுதலாகப் பொருந்தும்.

2. முன்கூட்டி விதைக்கக்கூடியவை, கூடாதவை

கேரட், முள்ளங்கி, டர்னிப், பட்டாணி, பாலக் கீரை, லெட்யூஸ், கொத்தமல்லி, நூக்கோல், முட்டைக்கோஸ், வெங்காயம் ஆகியவற்றின் விதைகள் குளிர்ந்த மண்ணிலும் முளைக்கும். அவற்றின் இளஞ்செடி லேசான பனியைத் தாங்கும். இந்தப் பக்கத்தின் புவிசார் குறியீடு பெற்ற வெள்ளைப்பூண்டும் பனிக்கு அஞ்சாத பயிர்தான்; ஆனால் அது பல்லாக ஊன்றுவது என்பதால் இங்கே விட்டுவிடுகிறேன். பீட்ரூட்டும் பனியைத் தாங்கும், ஆனாலும் இளஞ்செடி பல வாரம் 10 டிகிரிக்குக் கீழ்க் குளிரில் நின்றால் கிழங்கு பருக்காமல் பூத்தண்டு விட்டுவிடும். அதைக் கேரட்டுக்கு இரண்டு மூன்று வாரம் கழித்துப் போடுவதே நல்லது.

பீன்ஸ், மக்காச்சோளம், தக்காளி, மிளகாய், வெள்ளரி, பூசணி, வெண்டை ஆகியவற்றைப் பனி முடிவதற்கு முன் திறந்த வெளியில் விதைக்கவே வேண்டாம். பீன்ஸ் விதை 10 டிகிரி மண்ணில் முளைக்காமல் கிடந்து அழுகும். தப்பித்தவறி முளைத்தாலும் ஒரே இரவுப் பனியில் கருகும்.

பட்டாணியில் ஒரு பொறி இருக்கிறது. பட்டாணிச் செடி பனியைத் தாங்கும் என்பதைக் கேட்டுவிட்டு, நவம்பர் தொடக்கத்திலேயே விதைத்துவிடுகிறார்கள். செடி தாங்கும், பூவும் பிஞ்சும் தாங்காது. நவம்பரில் விதைத்தது டிசம்பர்க் கடைசியில், பனி உச்சத்தில் இருக்கும்போது பூத்து, அத்தனையும் உதிர்ந்துபோகும். ஜனவரி மூன்றாம் வாரத்தில் விதைத்தால் மார்ச்சில் பூக்கும். அப்போது தொல்லையில்லை.

3. முளைக்கும் நாளைப் பின்னோக்கி எண்ணுங்கள்

முளைக்கும் காலத்தை மண்ணின் வெப்பமே தீர்மானிக்கிறது. கேரட் விதை 5 டிகிரி மண்ணில் ஏறக்குறைய 50 நாளும், 10 டிகிரியில் 17 நாளும், 15 டிகிரியில் 10 நாளும், 20 டிகிரியில் ஒரு வாரமும் எடுத்துக்கொள்ளும். பட்டாணி 5 டிகிரியில் 36 நாள், 10 டிகிரியில் இரண்டு வாரம், 15 டிகிரியில் 9 நாள். முள்ளங்கி 10 டிகிரியில் 11 நாளும் 15 டிகிரியில் 6 நாளும் எடுக்கும். லெட்யூஸ் 10 டிகிரியிலேயே ஒரு வாரத்தில் வந்துவிடும்.

இந்த எண்களைக் குளிர்நாட்டு வழிகாட்டிகளில் படிப்பவர்கள் அப்படியே நம் மலைக்குக் கொண்டுவந்துவிடக் கூடாது. அங்கே மண் இரவும் பகலும் குளிர்ந்தே கிடக்கிறது; கடைசி உறைபனி ஏப்ரலிலோ மே மாதத்திலோதான் விழும். நம் பக்கத்தில் விடியற்காலை சில மணி நேரம் மட்டும் உறைந்து, பத்து மணிக்கெல்லாம் முதுகைச் சுடும் வெயில் வந்துவிடுகிறது. விதை கிடக்கும் ஆழத்தில், அதாவது மேலிருந்து ஐந்து சென்டிமீட்டருக்குள், மண்வெப்பமானியைச் செருகிக் காலை ஏழு மணிக்கும் பிற்பகல் மூன்று மணிக்கும் அளந்து, இரண்டின் சராசரியை எடுத்தால் போதும். என் பாத்தியில் ஜனவரிப் பிற்பகுதியில் அது 13 டிகிரியை ஒட்டி இருக்கும். அப்படியென்றால் கேரட்டுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று நாள்.

இனிக் கணக்கு. உங்கள் நிலத்தில் கடைசி உறைபனி பிப்ரவரி 10 வாக்கில் என்று தெரிந்திருந்தால், ஜனவரி 25-ல் விதைத்த கேரட் பிப்ரவரி 7 வாக்கில் தலைகாட்டும். மூன்று நான்கு நாள் லேசான பனியைக் கேரட் முளை தாங்கிக்கொள்ளும். முள்ளங்கி விரைவாக முளைப்பதால் அதை ஒரு வாரம் தள்ளி, பிப்ரவரி முதல் தேதியை ஒட்டி விதையுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் போட்டுவிடும் ஆசை வரும், அதற்கு இடங்கொடுக்க வேண்டாம். கேரட்டையே மூன்று பங்காக்கிப் பத்து நாள் இடைவெளியில் விதைத்தால், ஒரு பங்கு பனியில் போனாலும் மற்ற இரண்டு நிற்கும். அறுவடையும் ஒரே வாரத்தில் குவியாது.

4. விதை வாங்குதல்

மூணாறு, கோவிலூர் கடைகளில் கிடைப்பதைவிட உடுமலை, தேனி விதைக்கடைகளில் தேர்வு அதிகம். எங்கே வாங்கினாலும் பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படியுங்கள். சான்று பெற்ற விதைக்கு நீல நிற அட்டை இருக்கும். உற்பத்தியாளரே உண்மைநிலை அறிவித்து விற்பதற்கு வெளிர்பச்சை அட்டை. பரிசோதித்த தேதி, காலாவதித் தேதி, முளைப்புத் திறன், குவியல் எண் (லாட் நம்பர்) ஆகிய நான்கும் அதில் இருக்க வேண்டும். சான்று விதையின் செல்லுபடிக் காலம் பரிசோதித்த நாளிலிருந்து 9 மாதம். முளைப்புத் திறன் குறைந்தபட்சம் கேரட்டுக்கு 60 விழுக்காடும், முள்ளங்கிக்கு 70 விழுக்காடும், பட்டாணிக்கு 75 விழுக்காடும் இருக்க வேண்டும். கடையில் வெயில் படும் கண்ணாடிக்குப் பின்னால் தொங்கும் பொட்டலத்தை, தேதி சரியாக இருந்தாலும் வாங்காதீர்கள்.

பில் கேட்டு வாங்குங்கள், அதில் ரகத்தின் பெயரும் குவியல் எண்ணும் எழுதச் சொல்லுங்கள். விதை முளைக்காமல் போனால் புகார் கொடுக்கப் பில்லும் காலிப் பொட்டலமும் இரண்டும் வேண்டும், ஆகவே பொட்டலத்தைக் கிழித்துக் குப்பையில் போடாமல் அறுவடை முடியும்வரை வைத்திருங்கள்.

எவ்வளவு வேண்டும்? ஒரு சென்ட் என்பது ஏறக்குறைய 40 சதுர மீட்டர். அதற்குக் கேரட் 16 கிராம், பீட்ரூட் 24 கிராம், முள்ளங்கி 40 கிராம், பட்டாணி 400 கிராம் போதும். கடைக்காரர் 100 கிராம் கேரட் டப்பாவை எடுத்து நீட்டினால், நான்கு பேர் சேர்ந்து பங்கிட்டுக்கொள்ளுங்கள். மிச்சமாகும் விதையின் முளைப்புத் திறன் அடுத்த ஆண்டு குறைந்துவிடும். ரகத்தில் ஐயம் இருப்பவர்களுக்கு, உதகையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஊட்டி-1 கேரட் நம் மலைக்கு ஏற்றது.

வெளிநாட்டிலிருந்து உறவினர் அனுப்பும் வெங்காய விதையை மட்டும் நம்பாதீர்கள். அவற்றில் பல, பகல் 14 மணி நேரத்துக்கு மேல் நீண்டால்தான் காய் கட்டும் ரகங்கள். நம் இடத்தில் ஆண்டின் மிக நீண்ட பகலே பதின்மூன்று மணி நேரத்தை எட்டாது, ஆகவே தாள் மட்டும்தான் வளரும். உருளைக்கிழங்கு போட எண்ணுபவர்கள் நீலகிரி, கொடைக்கானல் பக்கத்து விதைக்கிழங்கை மூட்டையாகக் கொண்டுவர நினைக்க வேண்டாம். நூற்புழு காரணமாகத் தமிழ்நாட்டு மலைகளின் விதைக்கிழங்கை வெளி மாநிலத்துக்குக் கொண்டுபோகத் தடை இருக்கிறது.

வாங்கிய அன்றே முளைப்புச் சோதனை செய்துவிடுங்கள். ஐம்பது விதையை எண்ணி, ஈரத்துணியில் சுற்றி, அடுப்படியில் வெதுவெதுப்பான இடத்தில் வைத்தால் பத்து நாளில் தெரியும். இருபத்தைந்துக்குக் குறைவாக முளைத்திருந்தால் அந்தப் பொட்டலத்தைப் பாத்திக்குக் கொண்டுபோக வேண்டாம். இந்தப் பத்து நாளை உங்கள் கணக்கில் முன்னதாகவே சேர்த்துவிடுங்கள். விதை ஜனவரி 10-க்குள் வீட்டில் இருக்க வேண்டும் என்பதுதான் இதன் பொருள்.

5. காகித வேலை

வீட்டுத் தேவைக்கு இரண்டு சென்ட்டில் போடுபவர்களுக்கு எந்தக் காகிதமும் தேவையில்லை, அடுத்த படிக்குப் போய்விடலாம். மானியமும் பயிர்க் காப்பீடும் மண் பரிசோதனையும் வேண்டும் என்பவர்கள் தங்கள் பஞ்சாயத்தின் கிருஷி பவனுக்கு (வேளாண் அலுவலகத்துக்கு) போக வேண்டும். ஆதார் நகல், வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்க நகல், நடப்பு ஆண்டுக்குக் கரம் (நிலவரி) கட்டிய ரசீது ஆகிய மூன்றும் பெரும்பாலும் கேட்கப்படும். வேளாண் துறையின் எய்ம்ஸ் (AIMS) இணையதளத்தில் விவசாயியாகப் பதிவு செய்யவும் இவையே அடிப்படை. பதிவுக்குக் கைபேசியில் கடவு எண் (ஓடிபி) வரும் என்பதால், மலையில் சிக்னல் கிடைக்கும் எண்ணைக் கொடுங்கள். சமவெளியில் மகன் வீட்டில் கிடக்கும் கைபேசி எண்ணைக் கொடுத்துவிட்டுக் கவுன்டரில் நிற்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

படிவங்கள் மலையாளத்தில் இருக்கும். தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுக்குத் தமிழிலேயே மனு எழுதிக் கொடுக்கக் கேரள ஆட்சிமொழிச் சட்டத்தில் இடமிருக்கிறது. ஆனாலும் படிவத்தை நிரப்ப, மலையாளம் எழுதத் தெரிந்த ஒருவரை உடன் அழைத்துப் போனால் ஒரே நாளில் வேலை முடியும்.

பிறர் நிலத்தில் பயிர் செய்ய எண்ணுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கேரளத்தில் புதிதாகக் குத்தகை உரிமை உண்டாக்குவதை நிலச் சீர்திருத்தச் சட்டம் தடுக்கிறது, எனவே சமவெளியில் எழுதுவதைப் போன்ற குத்தகைப் பத்திரம் இங்கே உங்களைக் காக்காது. நில உடைமையாளரின் எழுத்துப்பூர்வ ஒப்புதலும் அவருடைய கர ரசீது நகலும் இல்லாமல் உரத்தை இறக்காதீர்கள். வட்டவடை, கொட்டாக்கம்பூர்ப் பக்கமானால், அந்த நிலம் குறிஞ்சிமலை சரணாலய எல்லைக்குள் வருகிறதா என்பதை வில்லேஜ் ஆபீசில் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே முன்பணம் கொடுங்கள். இந்த வேலைகளைக் கார்த்திகையிலேயே தொடங்கிவிட வேண்டும். தை பிறந்த பிறகு அலுவலகத்துக்கு நடந்துகொண்டிருந்தால் விதைப்பு நாள் தவறிப்போகும்.

6. மண்ணும் பாத்தியும்

தேயிலை நிற்கும் மண் புளிப்பு மண். கார அமில நிலை (pH) 4.5 முதல் 5.5 வரை இருக்கும். கேரட்டுக்கு ஆறுக்கு மேல் வேண்டும். சென்ட்டுக்கு 2 முதல் 3 கிலோ சுண்ணாம்பை விதைப்புக்கு மூன்று வாரம் முன்பே தூவிக் கொத்திவிடுங்கள். மண் பரிசோதனையில் புளிப்பு கடுமையாக இருந்தால் அவர்கள் சொல்லும் அளவைப் போடுங்கள். சுண்ணாம்பையும் சாணத்தையும் ஒரே நாளில் கலக்கக் கூடாது, தழைச்சத்து ஆவியாகப் போய்விடும். சுண்ணாம்பு போட்டு இரண்டு வாரம் கழித்து, நன்றாக மக்கிய தொழு உரம் சென்ட்டுக்கு 120 கிலோ வீதம் சேருங்கள். மக்காத சாணம் போட்டால் கேரட் இரண்டாகவும் மூன்றாகவும் கவட்டை விடும்.

பாத்தி முக்கால் அடி ஆழத்துக்குப் பொலபொலவென்று கொத்தி, அரையடி மேடாக, மூன்றடி அகலத்தில் இருக்கட்டும். தெற்குப் பார்த்த சரிவு கிடைத்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜனவரியில் சூரியன் தெற்கே சாய்ந்து போவதால் அங்கே மண் சீக்கிரம் சூடேறும்.

7. விதைக்கும் நாள்

பத்து மணிக்கு மேல், மண்ணில் வெயில் ஏறிய பிறகு விதையுங்கள். கேரட் விதையை நான்கு பங்கு காய்ந்த மணலோடு கலந்து, ஓரடி இடைவெளியிட்ட கோடுகளில் ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் தூவி மெல்ல மூடுங்கள். வீசி விதைத்தால் களை எடுக்க முடியாது. பட்டாணியை இரண்டு விரல் ஆழத்தில், அரை முழத்துக்கும் சற்றுக் கூடுதலான வரிசை இடைவெளியில் ஊன்றுங்கள். ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சையைக் கலந்து விதைத்தால் குளிர்மண்ணில் அழுகல் குறையும்.

சமவெளிப் பழக்கத்தில் பட்டாணியை இரவெல்லாம் ஊறவைத்துக் காலையில் ஊன்றுபவர்கள் இங்கே அதை விட்டுவிட வேண்டும், ஏனெனில் ஊறி உப்பிய விதை குளிர்மண்ணில் வெகு எளிதாக அழுகிவிடும்.

பனிக்காலத்தில் இங்கே ஈரம் இருக்கிறது என்று தோன்றினாலும் பகல் காற்று வறண்டது. மேல் ஒரு சென்டிமீட்டர் மண் மதியத்துக்குள் காய்ந்து ஓடு கட்டிவிடும். கேரட் முளை அந்த ஓட்டை உடைத்துக்கொண்டு வராது. ஆகவே விதைத்த பாத்தியின் மேல் நனைத்த சணல் சாக்கை விரித்து, தினமும் பதினொரு மணி வாக்கில் பூவாளியால் நனைத்துவாருங்கள். எட்டாம் நாளிலிருந்து தினமும் சாக்கைத் தூக்கிப் பார்க்க வேண்டும். ஒரு முளை கண்ணில் பட்டாலும் அன்றே சாக்கை எடுத்துவிடுங்கள். இரண்டு நாள் தாமதித்தால் முளைகள் வெளிறி, சாக்கின் இழையில் சிக்கிக்கொண்டு பிடுங்கி வந்துவிடும்.

8. முளை வந்தபின் வரும் பனி இரவுகள்

மாலையில் வானம் துடைத்துவிட்டது போலத் தெளிந்து, காற்று அடங்கியிருந்தால் அன்று பனி விழும் என்று எடுத்துக்கொள்கிறேன். மேகமோ காற்றோ இருந்தால் கவலையில்லாமல் படுக்கலாம்.

பகலிலேயே வானம் அப்படித் தெளிந்திருக்கும் நாளில் முற்பகலிலேயே பாத்திக்கு நன்றாகத் தண்ணீர் விட்டுவிடுங்கள். ஈரமான மண் காய்ந்த மண்ணைவிட அதிக வெப்பத்தைப் பிடித்துவைத்து இரவில் மெல்ல வெளிவிடும். மாலை ஐந்து மணிக்கு மேல் ஊற்றும் குளிர்ந்த தண்ணீருக்கு இந்தப் பயன் இல்லை. வரிசைகளுக்கு நடுவே வைக்கோல் மூடாக்கு இருந்தால் அதை ஒதுக்கிவிடுங்கள். மூடாக்கு மண்ணின் சூட்டை உள்ளேயே அடைத்துவைப்பதால், அதற்கு மேலே நிற்கும் செடி இன்னும் கூடுதலாகக் குளிர்கிறது. முளைக்காத பாத்தியில் கிடக்கும் சாக்குக்கு இது பொருந்தாது.

பிறகு மூடுங்கள். பழைய பருத்திப் புடவை, வேட்டி, சாக்கு, நெய்யாத வெள்ளைப் பயிர்த்துணி எதுவானாலும் சரி. மூங்கில் வளைவுகள் மேல் செடியைத் தொடாமல், இரண்டு பக்கமும் தரையைத் தொடும்படி இருக்க வேண்டும். பக்கவாட்டில் தூக்கிக்கொண்டு நின்றால் மண்ணின் சூடு வெளியே போய்விடும். பிளாஸ்டிக் தாளைச் செடி மேல் அப்படியே போர்த்துபவர்கள் உண்டு. தாள் தொடும் இடமெல்லாம் இலை உறைந்துபோகும். சூரியன் மறைவதற்கு முன்பே மூடி, காலை எட்டு, ஒன்பது மணிக்கு எடுத்துவிடுங்கள்.

குப்பையைக் கொளுத்திப் புகை போட்டால் பனி விழாது என்று பலர் சொல்வார்கள். நிலத்திலிருந்து வெளியேறும் வெப்பத்தைப் புகை பெரிதாகத் தடுப்பதில்லை, கண் எரிச்சல்தான் மிச்சம். இரவு முழுவதும் தெளிப்பானில் நீர் தெளிக்கும் முறை பலன் தரக்கூடியது. ஆனால் தொடங்கினால் காலையில் பனிக்கட்டி உருகி முடியும்வரை நிறுத்தக் கூடாது. நடுவில் மின்சாரம் போனால் தெளிக்காமல் விட்டதைவிட மோசமாகும். இரண்டு சென்ட்டுக்கு இது வேண்டாத வேலை.

இன்னொன்று. மூட மறந்துவிட்டோம் என்று நள்ளிரவிலோ விடிவதற்கு முன்போ விளக்கைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்குள் இறங்காதீர்கள். யானையும் காட்டுமாடும் அந்த நேரத்தில்தான் பாத்திக்கு வரும். நூறு ரூபாய் முளைக்காக அந்த ஆபத்து வேண்டாம்.

9. செலவு

ஒரு சென்ட்டுக்கு எனக்கு ஆனதைத் தோராயமாகச் சொல்கிறேன். விலை கடைக்குக் கடையும் ஆண்டுக்கு ஆண்டும் மாறும். காற்றுக்கும் மண்ணுக்குமாக இரண்டு வெப்பமானிகள் 700 ரூபாய்க்குள் கிடைத்தன, இது ஒருமுறைச் செலவு. விதை எல்லாம் சேர்த்து 200 முதல் 300 ரூபாய். சுண்ணாம்பு 100 ரூபாய்க்குள் முடியும். பயிர்த்துணி சதுர மீட்டருக்குப் பத்து ரூபாய் வாக்கில் வரும், பழைய புடவை இருந்தால் அதுவும் வேண்டாம். பணத்தைத் தின்பது தொழு உரமும் அதை ஏற்றிவரும் வண்டி வாடகையும்தான். மாடு வைத்திருக்கும் பக்கத்து வீட்டாரிடம் ஐப்பசியிலேயே சொல்லிவைத்தால் அந்தச் செலவு பாதியாகும். எல்லாரும் கேட்கும் தை மாதத்தில் மூட்டை விலையும் ஏறும், மக்காத சாணமும் உள்ளே கலந்து வரும்.

10. பனி கருக்கியபின்

காலையில் முளைகள் வெள்ளையாகவோ கண்ணாடி போலவோ தெரிந்தால் தொடாதீர்கள், வெந்நீரும் ஊற்றாதீர்கள். உறைந்த இலை தொட்டாலே நொறுங்கும். வெயில் ஏறித் தானாக உருகட்டும். கருத்த இலையை அன்றே கிள்ளி எறியாமல் மூன்று நான்கு நாள் விட்டுவைத்து, நடுக்குருத்தைப் பாருங்கள். குருத்து பச்சையாக இருந்தால் கேரட்டும் முள்ளங்கியும் பட்டாணியும் மீண்டு வந்துவிடும். அதுவரை உரம் எதுவும் போட வேண்டாம். குருத்தும் கருத்துத் துவண்டிருந்தால் அந்த வரிசையைக் கொத்திவிட்டு மறுநாளே மறுபடி விதையுங்கள். பிப்ரவரி 20 வரை விதைக்கும் கேரட்டையும், 100 நாளில் முதிர்ந்தால், மழைக்கு முன் பிடுங்கிவிடலாம். அதற்கும் பிந்திவிட்டால் அந்த இடத்தில் கேரட்டை விட்டுவிட்டு, 45 முதல் 60 நாளில் வரும் முள்ளங்கியைப் போடலாம்.

தப்பிய கேரட்டில் மூன்று நான்கு இலை வந்தவுடன், செடிக்குச் செடி நான்கு விரல் இடைவெளி இருக்கும்படி கலைத்துவிடுங்கள். பனி கொல்லும் என்று அடர்த்தியாக விட்டுவைப்பது பிப்ரவரி நடுவரை சரி, அதன் பிறகு ஒன்றையொன்று நெருக்கிக் கிழங்கு விரல்தடிப்பைத் தாண்டாது.

பீன்ஸையும் மக்காச்சோளத்தையும் இப்போதுதான் நினைக்க வேண்டும். காலை ஏழு மணிக்கு அளக்கும் மண்வெப்பம் ஒரு வாரம் தொடர்ந்து 15 டிகிரிக்குக் குறையாமல் நின்றபின், பெரும்பாலும் மார்ச்சில், முள்ளங்கி பிடுங்கி ஒழியும் வரிசைகளிலேயே பீன்ஸை ஊன்றிவிடலாம்.